இன்னும் ஒரு மை

என் அக்காள் வீட்டில் பதினோரு மாதம் முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு. கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த தேக்கு அலமாரியின் கதவில் நல்ல பெல்ஜியம் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை அத்தான் கழற்றி எடுத்து, கொல்லையில் விறகுப்புரைக்குக் கொண்டுபோய் ஓர் இரும்பின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இவ்வளவு சமமான பரப்பு இந்தத் திருவனந்தபுரத்துல வேற எங்கயும் கிடையாது, கேட்டியா" என்றார் அக்காளிடம், ஏதோ அவள் முகத்தைப் புகழ்வதுபோல.

"அப்போ நான் பொட்டு வைக்க என்ன செய்யட்டு?"

"நான் இருக்கேன்லா. கோணலா இருந்தா சொல்லுதேன்."

சொல்லவும் செய்தார். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது அக்காள் முன்னால் வந்து நிற்பாள். இவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். "இடப்பக்கம் அரை நூல் தள்ளி இருக்கு" என்பார். நூல் என்பது ஆசாரிமார் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கட்டின பெண்டாட்டியின் நெற்றியை நூல் கணக்கில் அளந்த மனிதர் வேறு யாரும் நாஞ்சில் நாட்டில் பிறந்திருக்க வழியில்லை.

அத்தானுக்கு நில அளவை ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில். யுத்தம் தொடங்கிய மறு வருஷம், கோட்டைக்குள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிகமாக ஒரு வாத்தியார் வேலை கிடைத்தபோது நான் அந்த வீட்டில் வந்து தங்கினேன். அக்காள் புருஷனைக் கேலி செய்யக் கொழுந்தியாளுக்கு உரிமை உண்டு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த உரிமையை ஒரு நாள்கூட நான் வீணாக்கவில்லை.

அவருக்குப் பழைய எந்திரம் என்றால் உயிர். புது எந்திரத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவார். துருப்பிடித்து, கால் ஒடிந்து, யாரோ வேண்டாம் என்று மூலையில் தள்ளியது என்றால் கண் பளபளக்கும். விறகுப்புரையில் விறகு இருக்காது. அரம், சுத்தியல், மண்ணெண்ணெய்ச் சட்டி, கையால் சுற்றித் துளை போடும் எந்திரம் ஒன்று, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற, பல் இளித்த ஒரு வைஸ், இவைதான் இருக்கும். விறகு வீட்டுக்குள் அக்காளின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் கொலுவிருந்தது அந்த லேத்து.

லேத்து என்றால், இரும்புத் துண்டைச் சுழலவிட்டு உளியால் கடைகிற எந்திரம். இது காலால் மிதித்து ஓட்டுகிற பழைய ரகம். பொன்முடி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் மழை நனைந்து கிடந்ததை, அளவு வேலைக்குப் போன இடத்தில் கண்டு, தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி வந்தார். நான் வருவதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது அது. அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் மாட்டுவண்டியில் அதை இறக்கியதை அக்காள் சொல்லிச் சொல்லி எனக்கு நானே கூடப் போனதுபோல மனசில் பதிந்துவிட்டது. வித்துராச் சந்தையில் வண்டியை நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டதாம். "எந்தா சாரே இது, பீரங்கியோ?" என்று ஒருவன் கேட்டானாம். இவர் இறங்கி நின்று, அது என்ன, அதன் ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்யும் என்று விளக்க ஆரம்பித்தாராம். விளக்கி முடிக்கும்போது கூட்டமும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை. அவன் சாயா குடித்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு வந்தான் என்பது அக்காளின் சேர்க்கை.

லேத்து வீடு வந்த அன்றே பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். எந்த விக்கினமும் இல்லாமல் எந்திரம் சரியாக வேண்டும். சரியான அன்றைக்கு உடைத்துவிடுவேன் என்று. அதற்காக நல்ல முற்றின தேங்காயாக ஒன்றைப் பொறுக்கி, மட்டையோடு புரையின் மூலையில் வைத்தார். அன்றே உடைத்துவிட்டு ஆரம்பித்திருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இவர் கேட்கவில்லை. "வேலை முடியாம சாமிகிட்ட முடிச்சேன்னு சொல்லப்பிடாது" என்றார்.

முடியவில்லை. தேங்காய் முளைத்துவிட்டது.

சாமிக்கு நேர்ந்ததைத் தூக்கி எறிய முடியுமா? கொல்லையில் ஊன்றினார்கள். நான் வந்தபோது அந்தத் தென்னை என்னைவிட உயரமாய் நின்றது. அது காய்த்தாலும் காய் பிள்ளையாருக்குச் சொந்தம், எந்திரம் முடியும்வரை வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது என்று அக்காள் தீர்ப்புச் சொன்னாள். தேங்காய் இல்லாமல் ஒரு கறியும் அடுப்பேறாத ஊரில், கொல்லையில் தென்னையை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் தேங்காய் வாங்கிய ஒரே வீடு அதுதான்.

ஏன் முடியவில்லை? அதற்கு மையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லேத்தின் அடியில் நீளமாக ஓர் இரும்புப் படுக்கை உண்டு. மற்ற உறுப்பெல்லாம் அதன்மேல்தான் நகரும். அது மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால்தான் கடைகிற சாமான் நேராக வரும். அது சமமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் சமமான கண்ணாடியில் மெல்லிசாக மை தடவி, இரும்பின்மேல் கவிழ்த்து, இலேசாக நகர்த்தி எடுக்க வேண்டும். எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மறுபடி மை. மறுபடி மேடு. மறுபடி சுரண்டல். இப்படி ஒரு சுற்றுக்கு அவர் ஒரு மை என்று பேர் வைத்திருந்தார். எப்போது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "இன்னும் ஒரு மை இருக்கு."

மை கடையில் வாங்கியதில்லை. அக்காளின் கண்மை. விளக்கெண்ணெய்த் திரி ஏற்றி, பித்தளைத் தட்டில் புகை பிடித்து, கரியை வழித்துக் குழைத்து அவள் காய்ச்சி வைக்கிற மை. அதுபோல நைசான மை சீமையிலும் கிடைக்காது என்பது அவர் கட்சி. கண்ணுக்கு இட ஒரு துளி, இரும்புக்கு ஒரு சிமிழ் என்று காய்ச்சினாள் அக்காள். அவர் கட்டைவிரலில் அது எப்போதும் இருக்கும். ஒருமுறை அவர் வரைந்த படத்தில் நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு குளம் கூடுதலாக இருப்பதை மேலதிகாரி கண்டுபிடித்து, "இது எந்தக் குளம்?" என்று கேட்டாராம். அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது என் வீட்டுக்காரி கண்மை சார்" என்றாராம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"அத்தான், லேத்து முடிஞ்சதும் முதல்ல என்ன கடையப் போறிய?" என்று நான் கேட்பேன்.

"அதை அப்போ பாப்போம்."

"எனக்கு ஒரு பம்பரம் கடைஞ்சு தாருங்க. கிழவியானப்புறம் விளையாடுகேன்."

கோபமே வராது. "இரும்புக்கு என்ன அவசரம் குட்டி? அவசரமெல்லாம் மனுஷனுக்குத்தான்" என்பார். நல்ல வாக்கியம்தான். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வயசில் வந்த ஒரு காய்ச்சல் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதில் ஓர் இரும்புக் கூடு மாட்டியிருப்பேன். இரண்டு பக்கமும் கம்பி, தோல் வார், அடியில் பூட்ஸ். முட்டுக்கு நேரே ஒரு பூட்டு. எழுந்து நின்றால் அது பூட்டிக்கொண்டு காலைத் தாங்கும். உட்காரும்போது தட்டிவிட்டால் மடங்கும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தி சீமையிலிருந்து வரவழைத்துத் தந்தது. அந்தப் பூட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஆணி. ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் படியில் அது முறிந்தது.

யுத்த காலம். சீமையிலிருந்து ஊசிகூட வராது. கடைத்தெருக் கொல்லனிடம் ஓர் ஆணி அடித்து வாங்கினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கரும்பலகையில் கூட்டல் எழுதிக்கொண்டிருந்தபோது அது நழுவி, நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மடாரென்று விழுந்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லாம் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டன.

தலைமையம்மா நல்லவர்தான். ஆனால் சட்டம் தெரிந்தவர். "டீச்சரே, பத்து திவசத்தில் இன்ஸ்பெக்டரம்மா வருந்நு. வேல ஸ்திரமாகணுமெங்கில் கிளாசில் நிந்நு படிப்பிக்கணும். நிக்கான் பற்றில்லெங்கில் நான் எந்து எழுதும்?" என்றார். பத்து நாளில் பரிசோதனை; வகுப்பில் நின்று பாடம் நடத்தினால்தான் வேலை நிரந்தரம்; நிற்க முடியாவிட்டால் அவர் என்னத்தை எழுதுவார்? எனக்குத் தெரியும். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அண்ணன் வீட்டில், மதினி போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, நடை ஏற முடியாமல், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருக்க வேண்டும். இருபத்தாறு வயசில் அதைவிடப் பயம் எனக்கு வேறு எதுவும் இல்லை.

அத்தான் உடைந்த ஆணியை வாங்கிக் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது கொல்லன் வேலை இல்ல. கடையணும். நம்ம லேத்துலயே கடையலாம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி போனது. "படுக்கையில இன்னும் ஒரு மை இருக்கு. அதை மட்டும் பாத்துக்கிடுதேன்."

ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புரைக்குள் போனார். முதல் நாள் சுரண்டினார். இரண்டாம் நாளும் சுரண்டினார். நாலாம் நாள் நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் புரைவாசலுக்குப் போய், "அத்தான், ஆச்சா?" என்றேன். கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். இரும்பின் ஓரத்தில் மிளகளவுக்கு மூன்று கறுப்புப் புள்ளி. "பாத்தியா? இது கொண்டு கடைஞ்சா ஆணி ஒரு பக்கம் மயிரிழை பெருத்துப்போகும்."

"மயிரிழை பெருத்தா என்ன அத்தான்? நடக்கிற மாதிரி இருந்தா போதும்."

"போதும்னு செய்ததுலதானே நேத்து விழுந்தே?"

விழுந்தது நேற்று அல்ல, போன வாரம். அவருக்குப் புரைக்குள் நாள் நகர்வதில்லை.

ஏழாம் நாள் நான் பொறுமையை விட்டுவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன். "உங்களுக்கு என் கால் பெரிசு இல்ல. இந்த இரும்புதான் பெரிசு. நான் போறேன் ஊருக்கு. நீங்களும் இந்தச் சவமும் சேர்ந்து வாழுங்க" என்றேன். அவர் சுரண்டியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். இரும்பில் வைக்கப் போய், வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இந்த மனுஷன் பயந்திருக்கிறார். என் கால் பெரிசு என்பதால்தான் இன்னும் ஒரு மை, இன்னும் ஒரு மை என்று போய்க்கொண்டிருக்கிறார். புரிந்தும் எனக்குக் கோபம் தணியவில்லை. பயப்படுகிறவரால் ஆணி வருமா?

அக்காள் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புரைக்குள் நுழைந்து, மைச்சிமிழை எடுத்தாள். கொல்லையில் சாம்பல் குழியில் கவிழ்த்தாள். வீட்டுக்குள் போய் மிச்சம் இருந்த சிமிழையும், துணிக்குப் போடுகிற நீலத்தையும்கூட எடுத்து வந்து அதே குழியில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"மை தீந்துபோச்சு" என்றாள். "இனி நான் காய்ச்சவும் மாட்டேன். உள்ளதை வச்சுச் செய்யுங்க."

அத்தான் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மை இல்லாவிட்டால் மேடு எது என்று தெரியாது. மேடு தெரியாவிட்டால் சுரண்ட முடியாது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்வதற்கு வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போயிற்று. கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகப் படுக்கையில் ஏற்றிப் பூட்டினார்.

"மிதிக்க ஆள் வேணுமே" என்றார் மெல்ல. "மிதிச்சுக்கிட்டே கடைஞ்சா என் கை அசையும்."

"நவருங்க" என்றாள் அக்காள்.

அவளிடம் முன்பு ஒரு தையல் மிஷின் இருந்தது. அதை அத்தான் எண்ணெய் போடுகிறேன் என்று பிரித்து, மூன்று வருஷமாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் பழகிய கால். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், ஒரே சீராக, ஒரு மிதிகூடப் பிசகாமல். வாயும் ஓயவில்லை. "சவத்து எளவு, அஞ்சு வருஷமா என் விறகுப்புரையைத் தின்னு தீத்துது" என்று லேத்தைத் திட்டிக்கொண்டே அதை ஓட்டினாள். அத்தான் உளியைப் பிடித்துக் குனிந்தார். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. எந்திரம் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆணி கையில் இருந்தது. பூட்டில் செருகினார். ஒரு சத்தம் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. நான் எழுந்து நின்றேன். பூட்டிக்கொண்டது. புரையிலிருந்து கிணற்றடிவரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் அழுதேன். அக்காளும் அழுதாள். அத்தான் மட்டும் குனிந்து என் முட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தற்காலிகம்தான் குட்டி" என்றார். "இன்ஸ்பெக்டரம்மா போனதும் கழற்றிக் குடு. அதுல இன்னும் ஒரு மை இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மா வந்தார், நான் முக்கால் மணி நேரம் நின்று பாடம் நடத்தினேன், வேலை ஸ்திரமாயிற்று. அக்காளுக்குக் கண்ணாடி திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் மறுபடி மை காய்ச்ச ஒத்துக்கொண்டாள். அத்தானும் மறுநாளே லேத்தைப் பிரித்துப் போட்டார். அது கடைந்த முதல் சாமானும் கடைசிச் சாமானும் என் ஆணிதான்.

ஆணியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வருமா? அதன்பிறகு அத்தான் என் முகத்தைப் பார்த்து நலம் விசாரித்ததே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்வை நேரே முட்டுக்குத்தான் போகும். "சத்தம் கேக்குதா? ஒரு நாளைக்குக் குடு, சரியாக்கித் தாரேன்." "பிள்ளையார் கல்யாணத்தன்னைக்குத் தாரேன் அத்தான்" என்பேன். சிரிப்பார். ஐந்து வருஷம் இதே பேச்சு. இதற்கிடையில் கொல்லைத் தென்னையும் காய்க்க ஆரம்பித்தது. விழுந்த காய்களை அக்காள் ஒன்றும் தொடாமல் புரையில் அடுக்கினாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மூன்று நாள் காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆணி" என்றார். "நாளைக்குத் தாரேன்" என்றேன். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன். கழற்றி அந்தக் கையில் ஒரு நிமிஷம் வைத்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒரு நாள் கூட்டின் தோல் வார் அறுந்ததென்று மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யுத்தத்தில் கால் போய்த் திரும்பினவர்களுக்குக் கட்டைக்கால் பொருத்த அங்கே ஒருவரை வைத்திருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கூட்டைக் கழற்றி மேஜையில் வைத்து, பூட்டை மடக்கினார், நிமிர்த்தினார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"டீச்சரே, கம்பியெல்லாம் தேஞ்சாச்சு. இந்த ஆணி மட்டும் அப்படியே நிக்கி. இம்மிகூட ஆட்டம் இல்லியே. சீமைச் சாமானா?"

"இல்ல. எங்க அத்தான் செய்தது."

"எந்தக் கம்பெனியில வேலை?"

"விறகுப்புரையில" என்றேன். பூட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "அதுல இன்னும் ஒரு மை இருக்காம்" என்றேன். அவர் புரியாமல் தலையை ஆட்டினார்.

ஆணியில் ஆட்டம் இல்லையென்றால் எந்திரம் என்றைக்கோ சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? புது வார் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்காள் வீட்டுக்குப் போய், புரையில் அடுக்கியிருந்ததில் ஒரு தேங்காயை எடுத்து உரிக்கச் சொன்னேன். என்னத்துக்கு என்று அக்காள் கேட்கவில்லை. கூடவே வந்தாள். பழவங்காடியில் தேங்காயைச் சும்மா தட்டி உடைக்கிற வழக்கம் இல்லை; ஓங்கி எறிய வேண்டும். கூட்டை நம்பி அவ்வளவு வேகமாக எறிய எனக்குத் தைரியம் வந்ததில்லை. அதனால் அதுவரை நான் அங்கே உடைத்ததே இல்லை. கூட்டத்தில் இடம் பண்ணிக்கொண்டு நின்றேன். முட்டில் பூட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி எறிந்தேன். சிதறிவிட்டது.

மறுநாள் அக்காள் அந்த மரத்துத் தேங்காயை முதல் தடவையாகத் துருவி அவியல் வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே விறகுப்புரைப் பக்கம் பார்த்தோம். அத்தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்காள்தான் அவர் குரலிலேயே சொன்னாள்:

"அவசரப்பட்டுட்டியே, குட்டி."